மண்வள அட்டையில் முதலில் பார்க்க வேண்டியது

மண்வள அட்டை கைக்கு வந்ததும் தழை, மணி, சாம்பல் சத்துக் கணக்குக்குப் போகாதீர்கள். முதலில் கார அமில நிலையைப் பாருங்கள். 6.5 முதல் 7.5 வரை இருந்தால் பெரும்பாலான பயிர்களுக்கு நல்லது. நீலகிரி மலைத் தோட்டங்களில் இது 5-க்கும் கீழே இறங்குவதுண்டு. அப்படிப்பட்ட மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூட்டை மூட்டையாக சூப்பர் பாஸ்பேட் போட்டாலும் பயிருக்குப் போய்ச் சேர்வது கொஞ்சம்தான்.

அமிலத்தன்மையைக் குறைக்கப் போடும் சுண்ணாம்பின் அளவைப் பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கார அமில எண் ஒன்றாகவே இருந்தாலும், மணற்பாங்கான நிலத்தைவிடக் களிமண்ணுக்குக் கூடுதலாகத் தேவைப்படும். ஆய்வகம் எழுதித் தந்த அளவை நடவுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே தூவி, மண்ணோடு கலந்துவிடுங்கள். யூரியாவோடு சேர்த்துப் போட்டால் தழைச்சத்து ஆவியாகப் போய்விடும். தேயிலை அமில மண்ணையே விரும்பும். காய்கறித் தோட்டத்துக் கணக்கு அதற்கு ஆகாது. 8.5-ஐத் தாண்டிய களர் நிலத்துக்குச் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், ஜிப்சம்தான்.

அங்ககக் கரிமம் 0.5 சதவீதத்துக்குக் குறைவா? தொழுவுரமும் தக்கைப்பூண்டும் கட்டாயம்.

உரப் பரிந்துரையில் இருப்பது சத்தின் எடை, மூட்டையின் எடை அல்ல. தழைச்சத்து 46 கிலோ என்றால் யூரியா 100 கிலோ. டிஏபி போடுகிறவர்கள் அதிலுள்ள 18 சதவீதத் தழைச்சத்தை யூரியாக் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். அளவு ஏக்கருக்கா, ஹெக்டேருக்கா என்பதையும் பாருங்கள். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர்.