ஒரே வருஷம், ரெண்டு மாநில வரி: தங்கச்சிக்கு அக்காவின் டிப்ஸ்

டாலஸிலிருந்து ஜூலையில் ஜெர்சி சிட்டிக்கு வந்துவிட்டாய். அதே கம்பெனிதான், ஆனால் இப்போது மன்ஹாட்டன் ஆபீஸ். டெக்சாஸில் சம்பளத்துக்கு மாநில வரியே இல்லாததால் இந்தத் தலைவலி உனக்குப் புதுசு. அந்த ஊருக்கு நீ எதுவும் ஃபைல் பண்ண வேண்டாம். வேலை பார்க்கிற நியூயார்க்குக்கு வெளிமாநிலத்தார் படிவமான ஐடி-203, குடியிருக்கிற நியூஜெர்சிக்கு என்ஜே-1040, ஆக ரெண்டு. நியூஜெர்சிப் படிவத்தில் நீ குடியிருந்த தேதிகளைக் குறிக்க மறக்காதே.

டாலஸ் ஆபீஸில் வாங்கிய கடைசி பே-ஸ்லிப்பை முதலில் தேடி எடு. வருஷத் தொடக்கத்திலிருந்து அதுவரை எவ்வளவு சம்பளம் என்று அதில் இருக்கும். உன் கணக்குக்கு அதுதான் ஆதாரம். குடியிருந்த தேதிகளுக்கு வீட்டு லீஸையும் பக்கத்தில் வைத்துக்கொள்.

கம்பெனி தரும் சம்பளப் படிவமான டபிள்யூ-2 வந்ததும், மாநிலச் சம்பளத்தைக் காட்டும் பாக்ஸ் 16-ஐப் பார்த்துப் பதறாதே. வருஷம் முழுக்க 1,20,000 டாலர் சம்பளம், அதில் பாதி டாலஸில் வாங்கியது என்று வைத்துக்கொள். அந்த பாக்ஸில் நியூயார்க்குக்கு நேராகவும் 1,20,000 என்றே இருக்கும். கம்பெனி தப்பு செய்யவில்லை. மொத்தத்தையும் அப்படிக் காட்டச் சொல்வதே நியூயார்க்தான். ஆபத்து சாஃப்ட்வேரில். அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால் டாலஸ் சம்பளத்துக்கும் நியூயார்க்குக்கு வரி கட்டுவாய். ஐடி-203-இல் ரெண்டு பத்தி உண்டு. ஃபெடரல் பத்தியில் 1,20,000, நியூயார்க் பத்தியில் 60,000. மொத்த வருமானத்துக்கு வரி போட்டுப் பார்த்து, நியூயார்க் பங்குக்கு ஏற்ற விகிதத்தை மட்டும் வாங்குவார்கள். முழுத் தொகையைக் கேட்பது அதற்காகத்தான்.

டபிள்யூ-2-வின் பாக்ஸ் 19-இல் நியூயார்க் நகர வரி பிடித்திருந்தால் ஐடி-203-லேயே திரும்பக் கேள். வெளியூரிலிருந்து வந்துபோகிறவர்களிடம் நகரம் வாங்கிய வரியை 1999-லேயே எடுத்துவிட்டார்கள். பே-ரோல் ஆட்களிடமும் உடனே சொல், இல்லாவிட்டால் அடுத்த வருஷமும் பிடிப்பார்கள்.

வாரத்தில் ரெண்டு நாள் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறாயே, அந்த நாட்களைக் கழிக்கலாமா என்று கேட்பாய். உன் வசதிக்காக வீட்டில் இருந்தால் அதுவும் நியூயார்க் நாள்தான் என்பது அவர்கள் விதி. எனக்கு இது நியாயமாகப் படவில்லை, ஆனாலும் கழிக்காதே.

வரிசை முக்கியம்: ஃபெடரல், பிறகு நியூயார்க், கடைசியில் நியூஜெர்சி. நியூயார்க்கில் கட்டிய வரிக்கு நியூஜெர்சி கிரெடிட் தரும், அந்தத் தொகை தெரியாமல் கணக்கு முடியாது. அதே சம்பளத்துக்கு நியூஜெர்சி போடும் வரி அளவுக்குத்தான் கிரெடிட். நியூயார்க்கில் கூடுதலாகக் கட்டியது திரும்ப வராது. ஜெர்சிக்கு வந்த பிறகு கிடைத்த பேங்க் வட்டி நியூஜெர்சிக்கு மட்டும்.

பென்சில்வேனியாவிலிருந்து நியூஜெர்சிக்கு வேலைக்கு வரும் தோழிகள், "எங்களுக்கு வீடு இருக்கிற மாநிலத்தில் மட்டும்தான்" என்பார்கள். அந்த ரெண்டு மாநிலத்துக்கும் அப்படி ஒப்பந்தம் இருக்கிறது. நியூயார்க்குக்கும் நியூஜெர்சிக்கும் இல்லை.

ரெண்டுக்கும் கடைசி நாள் பொதுவாக ஏப்ரல் 15. அவகாசம் கேட்டால் ஃபைல் பண்ணத்தான் நேரம் கிடைக்கும். பணத்தை அன்றைக்குள் கட்டிவிடு. நியூயார்க் ரிட்டர்னின் நகலைத் தூக்கிப் போடாதே, கிரெடிட்டுக்கு ஆதாரமாக நியூஜெர்சி அதைக் கேட்கலாம்.