சவுக்கு மரத்தை வைத்து ஊசியிலைக் காடு நடத்தலாமா?

ஊசியிலைக் காடுகள் பாடம் வரும்போதெல்லாம் பழவேற்காட்டுப் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சவுக்கைக் காட்டியே நடத்தி வந்தேன். "பைன் மரமும் இது மாதிரிதான்" என்பேன். ஒருநாள் ஒரு மாணவி பச்சை ஊசி ஒன்றைக் கணுக் கணுவாகக் கழற்றிக் காட்டி, "இலைன்னா இப்படித் துண்டு துண்டா வருமா டீச்சர்?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

தவறு என்னுடையதுதான். சவுக்கில் நாம் இலை என்று நினைப்பது மெல்லிய பச்சைக் கிளை. ஒளிச்சேர்க்கையை அந்தக் கிளையே செய்கிறது. உண்மையான இலைகள் ஒவ்வொரு கணுவிலும் வட்டமாக நிற்கும் சின்னஞ்சிறு பற்கள். கைலென்ஸ் வைத்து எண்ணச் சொல்லுங்கள். 6 முதல் 8 வரை இருக்கும். பைனில் ஊசிதான் இலை. இமயமலைச் சரிவுகளில் வளரும் சிர் பைனில் அவை மூன்று மூன்றாகக் கொத்தாக இருக்கும். சவுக்கின் காய் பைன் கூம்பு போலத் தெரிந்தாலும், அது பல சிறு கனிகள் சேர்ந்த தொகுப்பு. சவுக்கு பூக்கும் தாவரம். பைன் திறந்தவிதைத் தாவரம்.

உறவே இல்லாத இரண்டுக்கும் ஏன் ஒரே தோற்றம்? பாடம் இங்கேதான் சூடு பிடிக்கிறது. ரஷ்யா, கனடா, ஸ்வீடன் காடுகளில் குளிர்காலத்தில் மண்ணிலுள்ள நீர் உறைந்துவிடும். கண்ணுக்கு எதிரே பனி கிடந்தாலும் வேருக்குத் தண்ணீர் இல்லை. பசுமை மாறாத பைன் இருக்கிற நீரைக் காக்க வேண்டும். அதனால் ஒடுங்கிய இலை, மேலே மெழுகுப் பூச்சு. நம் கடற்கரையில் உறைபனி இல்லை. ஆனால் மணலில் நீர் தங்காது, உப்புக்காற்று ஓயாது. சவுக்கின் இலைத்துளைகள் கிளையின் நீளவாட்டுப் பள்ளங்களுக்குள் ஒளிந்திருக்கின்றன. பத்து கிராம் பூவரச இலை, பத்து கிராம் சவுக்கு ஊசி இரண்டையும் நிழலில் உலர்த்தி மறுநாள் எடை பாருங்கள். எது அதிகம் குறையும் என்று முன்பே ஊகிக்க விடுங்கள்.

வளர்ச்சியில் இரண்டும் வேறு வேறு. வடக்கத்திப் பைன் வளர ஆண்டுக்குச் சில மாதங்களே கிடைக்கும். பெரும்பாலும் ஆண்டுக்கு ஒரு கிளை வட்டம். இளமரத்தில் அவற்றை எண்ணியே வயதைக் கணிக்கலாம். சவுக்கு நான்கைந்து ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும். "அப்பா வலைக்கு ஊனுற கழி டீச்சர் அது" என்றான் ஒரு மாணவன். வெறும் மணலில் இந்த வேகம் எப்படி? அதன் வேர் முடிச்சுகளில் வாழும் ஃபிராங்கியா பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருகிறது. பைனுக்குத் துணை வேர்ப்பூஞ்சைகள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சவுக்கு நம் மண்ணின் மரமன்று. 19ஆம் நூற்றாண்டில் ரயில் என்ஜின் விறகுக்காகப் பரப்பப்பட்டது. (கொடைக்கானல் பைன் காடும் நட்டு வளர்த்ததே.) 2004 சுனாமிக்குப் பின் கடலோரங்களில் இன்னும் நெருக்கமாக நட்டார்கள். காற்றைத் தடுக்கிறது, வருமானம் தருகிறது. ஆனால் உதிர்ந்த ஊசிகள் மெத்தையாக மூடிய இடத்தில் மணலைப் பிடித்து வைக்கும் அடப்பங்கொடியும் இராவணன் மீசையும் தழைப்பதில்லை. முட்டையிட வரும் பங்குனி ஆமைக்குத் திறந்த மணல் வேண்டும்.

இதை வகுப்பில் விவாதத்துக்கு விட்டேன். "தோப்பு இருக்கட்டும், ஆமை ஏறுற இடத்துல வேணாம்" என்றான் கழி பற்றிச் சொன்ன அதே மாணவன். அலை தொடும் கோட்டிலிருந்து முதல் சவுக்கு வரை எத்தனை அடி என்று யாருக்கும் தெரியவில்லை. ஜனவரியில் ஆமைகள் வரத் தொடங்கும் முன் அளவுநாடாவோடு போகிறோம்.