துறை தேரும் முறை

'துறை' என்னுஞ் சொல் நம் மொழியிற் பல பொருள் தருவது. கல்வியின் பிரிவும் துறை. அரசாங்க அலுவலின் பிரிவும் துறை. அகமும் புறமும் கற்பார்க்குத் திணையின் உட்பிரிவும் துறையே. எனினும் ஊரார் நாவில் இன்றும் வழங்குவது, நீரில் இறங்கவும் கரையேறவும் உரிய இடம் என்னும் பொருளேயாம். நெய்தல் நிலத் தலைவனைத் 'துறைவன்' என்றே நம் முன்னோர் அழைத்தனர். நெய்தல் வாழ்வில் துறை பெற்றிருந்த சிறப்பினை இப்பெயரே காட்டும்.

கடலில்லாத சேலம், நாமக்கல் நாட்டார்க்குத் துறையாராய்ச்சி எற்றுக்கு எனச் சிலர் வினவலாம். காவிரியன்றோ நம் கடல்! 1925இல் தொடங்கி 1934இல் முடிவுற்ற மேட்டூர் அணை, 120 அடி உயரம் நீர் தேக்கி, 9,347 கோடி கன அடி கொள்ளுமாறு அமைந்தது. அதன் கரையிலுள்ள பண்ணவாடியிலும் கோட்டையூரிலும் பரிசல் துறைகள் உண்டு. மீன்பிடித்து உண்ணுங் குடும்பங்கள் பல இந்நீரை நம்பி வாழ்கின்றன. ஆதலின், சிறு கலத்தை நீரில் இறக்குதற்கு இடந்தேரும் முறையை ஈண்டு ஆராயப் புகுந்தோம்.

முதற்கண் கலத்தின் இயல்பை அறிதல் வேண்டும். பரிசல் மூங்கிற் பிளாச்சுகளால் வட்டமாகப் பின்னப்படுவது. முற்காலத்தில் தோல் போர்த்தினர். பிற்காலத்தில் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் அதன் இடத்தைக் கொண்டன. அடி தட்டையாதலின் முழங்காலளவு நீரிலும் மிதக்கும். ஒருவரே தலைமேற் சுமந்து செல்லலாம். ஆனால் அடிக்கட்டையின்மையாற் காற்றடித்த பக்கம் சுழன்று ஒதுங்கும். இக்குணமும் குற்றமும் கருதியே துறை தேரவேண்டும்.

முதலாவது, நிலச்சரிவு. ஐம்பதடிக்கு ஓரடி தாழும் சரிவில், நீர்மட்டம் பத்தடி குறையின் கரை ஐந்நூறடி பின்வாங்கும். இடையிற் கிடப்பது காலை விழுங்கும் சேறு. ஐந்தடிக்கு ஓரடி தாழும் சரிவில் கரை ஐம்பதடியே நகரும். ஆனால் இறங்குவோன் சில அடிகளில் ஆழத்தை அடைவான். ஆகவே இவ்விரண்டிற்கும் இடைப்பட்டு, சரளையோ பாறையோ அடியிற் கிடக்கும் இடமே நன்று. பழைய வண்டிப்பாதை நீரில் இறங்குமிடமாயின் தரை கெட்டியாயிருக்கும்.

இரண்டாவது, காற்று. ஆனி, ஆடித் திங்களில் மேல்காற்று வலியது. அது தேக்கத்தின் கீழ்கரையில் அலையை மோதுவிக்கும், மேல்கரையோ ஒதுக்கமாயிருக்கும். புறப்படும்போது முதுகிற்பட்ட காற்று திரும்பும்போது முகத்திற்படும் என்பதை மறத்தலாகாது. போவதற்கு எளிய துறை மீள்வதற்கும் எளிதோ என்பதே உண்மையான வினா.

மூன்றாவது, நீரின் ஏற்ற இறக்கம். கடலில் ஓதம் பெரும்பாலும் நாளொன்றுக்கு இருமுறை ஏறி வற்றும். அதன் வேளையை முன்னரே கணக்கிடலாம். தேக்கத்துக்கு அத்தகைய ஒழுங்கில்லை. 2024 ஜூலைத் தொடக்கத்தில் ஏறக்குறைய 40 அடியாயிருந்த மேட்டூர் நீர்மட்டம், அத்திங்கள் 30ஆம் நாள் 120 அடியை எட்டிற்று. ஒரு திங்களுக்குள் எண்பதடி! முன்பு தேர்ந்த துறை அனைத்தும் நீருக்கடியிற் போயின. ஆதலின் ஒரு துறையை மட்டும் அறிந்தவன் துறையறிந்தவன் ஆகான். மட்டந்தோறும் ஒரு துறையை மனத்தில் வைத்திருத்தல் வேண்டும்.

நான்காவது, நீர் மறைத்தவை. தேக்கத்தில் ஊர்கள் மூழ்கின. நீர் தாழுங்காலத்தில் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளிப்படுதல் பலரும் கண்டதே. வெளிப்பட்டவை காட்சிப்பொருள், ஓரடி நீருக்குட் கிடப்பவையோ பரிசலைக் கிழிப்பன. கோடையில் வற்றிய நிலத்தை நடந்து பார்த்து, மதிற்சுவரும் மரவேரும் எங்குளவென்று குறித்துக்கொள்பவன் மழைக்காலத்தில் அஞ்சவேண்டுவதில்லை.

அணைக்குக் கீழேயுள்ள பூலாம்பட்டி, மோகனூர் முதலிய இடங்களில் மற்றொரு விதி உண்டு. அங்கு மழையின்றியும் ஆறு பெருகும். மதகு திறந்ததே காரணம். ஆண்டு வெள்ள எச்சரிக்கை விடுத்தபின் துறை தேர்தல் அறிவன்று. கலத்தை மேட்டிலேற்றிக் கட்டுதலே அறிவு.

மாலையில் வலைவிரித்து வைகறையில் மீளும் மீனவன், இருளிலும் தன் துறையைத் தவறாது அடைகின்றான். அது ஏட்டிற் படித்த கல்வியன்று, ஆயினும் கல்வியே. ஆழமறியாமற் காலைவிடாதே என்னும் பழமொழியை நாம் எழுதிப் பழகுகின்றோம். அவனோ நாள்தோறும் அதனைத் தன் உயிரால் ஓதுகின்றான். விடுமுறையிற் காவிரிக்கரை செல்லும் மாணவ நண்பர்கள் பரிசலேறுமுன் இந்நான்கினையும் அவனிடமே கேட்டறிவாராக. அவன் 'இன்று வேண்டாம்' என்பானாயின், அச்சொல்லை மீறாதிருப்பாராக.