ரூட்டரின் எண்ணிக்கை

கேள்வி: எங்கள் அலுவலக ரூட்டரில் ஓடும் இணையப் போக்குவரத்தை, ஆள் உட்கார்ந்து பார்க்காமல், தானாகவே கண்காணிக்க வழியுண்டா?

பதில்: உண்டு. ரூட்டர் ஒவ்வொரு போர்ட்டிலும் வந்த, போன பைட்டுகளை இடையறாது எண்ணிக்கொண்டே இருக்கிறபடியால், எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறையின் மூலமாக அவ்வெண்ணை நியமமாகக் கேட்டு வாங்கி, முந்தைய எண்ணைக் கழித்து, இடைப்பட்ட விநாடிகளால் வகுத்து, வேகத்தைச் சித்திரமாக வரைந்து காட்டுவதே இத்தகைய மென்பொருள்களின் பிரதான காரியம். 1995-இல் தோபியாஸ் ஓட்டிக்கர் இங்கிலாந்தில் இயற்றிய எம்.ஆர்.டி.ஜி. என்னும் மென்பொருள் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை இவ்வாறு விசாரித்தது.

இதில் ஒரு சூக்ஷ்மம் உண்டு. பைட்டுகளை எண்ணும் பழைய 32 பிட் எண்ணி 429 கோடிச் சொச்சத்தை எட்டியதும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். ஜிகாபிட் இணைப்பு பூரண வேகத்தில் ஓடினால் சுமார் 34 விநாடியிலேயே அது நிகழ்ந்துவிடுவதால், ஐந்து நிமிஷத்தில் எத்தனை முறை சுற்றிற்று என்று அறிய மார்க்கமின்றி, வரைபடம் கூசாமல் பொய் சொல்லும். ஆகையால் 64 பிட் எண்ணியையே கேட்கும்படி அமையுங்கள்.

எந்தக் கணினி எவ்வளவு இழுக்கிறது என்பதை (மேலதிகாரிகள் முதலில் கேட்பது அதைத்தான்) இவ்வெண்ணிக்கை சொல்லாது. அதற்கு நெட்ஃப்ளோ போன்ற வேறு ஏற்பாடு வேண்டும். எஸ்.என்.எம்.பி.க்கென்று பல ரூட்டர்களில் ஆரம்பத்திலேயே அமைந்திருக்கும் 'பப்ளிக்' என்ற அனுமதிச் சொல்லை மட்டும் இன்றே மாற்றிவிடுங்கள்.