வரிப் படிவத்தில் கவனம் தேவை

நம் நாட்டில் தனிநபர்கள் தங்கள் வருமான வரியைத் தாங்களே கணக்கிடும் சுய மதிப்பீட்டு முறை 2004ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ளது. இம்முறையில் ரசீதுகளைப் படிவத்துடன் அனுப்ப வேண்டியதில்லை. நாம் காட்டும் கணக்கை உள்நாட்டு வருமான வரி வாரியம் முதலில் ஏற்றுக்கொள்கிறது. பின்னர்த் தணிக்கை செய்யலாம். ஆகவே, படிவத்தில் நேரும் பிழைக்கு நாமே பொறுப்பாகிறோம்.

முதல் பிழை, வருமானத்தை முழுமையாகக் காட்டாமை. ஒருவர் பாசிர் கூடாங்கில் ஆறு மாதமும் செனாயில் ஆறு மாதமும் வேலை செய்திருந்தால், இரு முதலாளிகளும் வழங்கும் இஏ படிவங்களையும் கூட்டிக் கணக்கிட வேண்டும். சிலர் இரண்டாவது படிவத்தை மட்டும் பார்த்து எழுதிவிடுகின்றனர். ஜொகூர் பாருவிலிருந்து பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலை செய்வோர் சிலர், அங்கு வரி செலுத்துவதால் இங்கு எதையும் அறிவிக்க வேண்டியதில்லை எனக் கருதுகின்றனர். ஆனால், ஸ்கூடாயில் உள்ள வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால், அவ்வாடகை மலேசியாவில் ஈட்டிய வருமானமாகும்.

இரண்டாவது பிழை, வரிக் கழிவுகளைத் தவறாகக் கோருதல். எடுத்துக்காட்டாக, ஒருவர் பிள்ளையின் எஸ்எஸ்பிஎன் சேமிப்பில் ஓர் ஆண்டில் ரிம5,000 செலுத்தி, அதே ஆண்டில் ரிம2,000 மீட்டிருந்தால், அவர் கோரக்கூடியது ரிம3,000 மட்டுமே. தனித்தனியே வரி செலுத்தும் கணவனும் மனைவியும் ஒரே பிள்ளைக்கான முழுக் கழிவை இருவருமே கோருவதும் தவறாகும்.

மூன்றாவது பிழை, ஆவணங்களைப் பாதுகாக்காமை. புத்தகம், கணினி போன்றவற்றை வாங்கிய ரசீதுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். வெப்பத்தாளில் அச்சிட்ட எழுத்து நாளடைவில் மங்கிவிடும். ஆதலால், வாங்கிய அன்றே படமெடுத்துச் சேமிப்பது நன்று. தணிக்கையின்போது சான்று காட்ட இயலாவிட்டால் அக்கழிவு மறுக்கப்படும்.

நான்காவது பிழை, காலம் தாழ்த்துதல். வணிக வருமானம் இல்லாதோர் பிஇ படிவத்தை 30 ஏப்ரலுக்குள் அனுப்ப வேண்டும். மின்னியல் முறையில் அனுப்புவோருக்கு மேலும் 15 நாள் வழங்கப்படுவது வழக்கம். செலுத்தத் தவறிய வரியுடன் 10 விழுக்காடு கூடுதலாகச் சேர்க்கப்படும். தக்க காரணமின்றிப் படிவமே அனுப்பாதவருக்கு, நீதிமன்றம் ரிம200 முதல் ரிம20,000 வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

மாதந்தோறும் சம்பளத்தில் வரி பிடிக்கப்படுவதால் கணக்கு முடிந்துவிட்டது என எண்ணுவதும் சரியன்று. அது முன்கூட்டியே செலுத்தும் தொகை. கூடுதலாகப் பிடித்திருந்தால், அதைத் திரும்பப் பெற வழிசெய்வது இப்படிவமே. அதில் வங்கிக் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் பணம் வந்துசேரத் தாமதமாகும்.

வருமானம் விடுபட்டதைப் பின்னர் உணர்ந்தால், காலக்கெடு முடிந்த ஆறு மாதத்திற்குள் திருத்தப் படிவம் அனுப்பலாம். வாரியம் கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பதைவிட, நாமே முன்வந்து திருத்துவது குடும்பத்தின் பணத்தையும் நற்பெயரையும் காக்கும்.