வாயு என்று வாளாவிருக்கலாமா?

கோலா கங்சார் வணிகச் சகோதரர்களே! இரவு கடையடைத்தபின் நெய்ச்சோறும் இறைச்சியும் உண்டு படுக்கிறோம். வலது விலாவின்கீழ் வலி எழுந்து தோள்பட்டைக்கு ஏறினால், வாயு என்று தைலம் தடவிக்கொள்கிறோம். அது அடிக்கடி வந்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். கொழுப்புணவு குடலை அடைந்ததும் பித்தப்பை சுருங்குகிறது. கல் அதன் வாயிலை அடைக்கிறது. பலமுறை இவ்வாறு நேர்ந்தால் பையின் சுவர் அழன்று தடித்துவிடும். ஸ்கேன் எடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். கொழுப்பைக் குறைத்தால் வலி தணியலாம், கல் கரையாது.

1882-இல் பெர்லினில் லாங்கன்புக் என்பார் பித்தப்பையையே அகற்றி நோயாளியைக் காப்பாற்றினார். இன்று சிறு துளைகள் வழியே அகற்றுகிறார்கள். பித்தநீரைச் சுரப்பது ஈரல்; ஆகவே பையின்றியும் உணவு செரிக்கும்.

வலி மணிக்கணக்கில் நீடித்தாலோ, காய்ச்சலோ கண்ணில் மஞ்சளோ கண்டாலோ உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்வோம். கடையை மறுநாள் திறந்துகொள்ளலாம்.