இதயத்தின் ஒருவழிக் கதவுகள்

லப்பைக்குடிக்காடு போன்ற வெள்ளாற்றங்கரை ஊர்களில் அடிகுழாய் அடித்துப் பார்த்திருக்கிறீர்களா? ஏறிய தண்ணீர் மீண்டும் இறங்காமல் தடுப்பது குழாயினுள் இருக்கும் வால்வு. நம் இதயத்திலும் இத்தகைய ஒருவழிக் கதவுகள் நான்கு உண்டு. நிமிடத்திற்கு 72 துடிப்பு என்றால், ஒவ்வொரு கதவும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 கோடியே 78 லட்சம் முறை திறந்து மூடுகிறது!

இக்கதவு பழுதானால் செயற்கை வால்வு பொருத்துவர். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் அறுவை மருத்துவர் வலியத்தானும் பொறியாளர் புவனேஷ்வரும் குழுவினரும் அதனை இந்தியாவிலேயே உருவாக்க முனைந்தனர். முதல் மூன்று வடிவங்கள் கைவிடப்பட்டன. உலோகச் சட்டத்தில் பாலிஎத்திலீன் வட்டு அமைந்த நான்காவது வடிவம், 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது.

வட்டு எவ்வளவு தேயும் என்பது பொறியியல் கேள்வி. அதன் மேல் இரத்தம் உறையுமா என்பது உயிரியல் கேள்வி. இரண்டையும் சேர்த்துக் கேட்கவும், தவறிய வடிவம் ஏன் தவறியது என்று பொறுமையாக ஆராயவும் பழகுவதே ஆராய்ச்சிப் பயிற்சி. இதற்கெனவே அந்நிலையமும் சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் இணைந்து மருத்துவப் பொறியியலில் முதுநிலைப் படிப்பு நடத்துகின்றன. பொறியியல் பட்டம் பெற்று நீங்களும் அங்கே செல்லலாம்.

அதற்கு முன் ஒரு சிறு பயிற்சி: உங்கள் நாடியை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 20 ஆண்டுகள் உழைக்கவேண்டிய வால்வு எத்தனை முறை மூடவேண்டும்? கணக்கிட்டுப் பாருங்கள்.